பாயைப் பிடித்த கை

ஆடி மாசம் பிறந்துவிட்டால் எங்கள் மேலப்பாளையத்து மொட்டை மாடியில் துணி உலர்த்துவது ஒரு யுத்தம்தான். குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருகிற அதே மேல்காற்று, மலையைத் தாண்டி இங்கே வரும்போது வறண்டு போய்ச் சுழற்றி அடிக்கும். போன வாரம் ஈரப் போர்வையை உதறினேன். காற்று அப்படியே பிடுங்கியது. கையை மடக்கி மல்லுக்கட்டாமல், உடம்பு தன்னால் பின்னே சாய்ந்தது. மணப்பாடு ஞாபகம் வந்துவிட்டது!

ஆறு வருஷத்துக்கு முந்தி, நாத்தனார் மகன் அங்கே 'வின்ட்ஸர்ஃபிங்' பழகுகிறான் என்று வேடிக்கை பார்க்கப் போனவள், நானும் பலகையில் ஏறிவிட்டேன். வயசு முப்பத்தாறு. "ஏட்டி, ரெண்டு பிள்ளை பெத்தவ செய்யுற வேலையா இது?" என்று உம்மா கேட்டது நியாயம்தான். சின்ன வயசில் பாளையங்கால்வாயில் நீந்திய தைரியம் எனக்கு.

மிதக்கும் பலகை, அதன் நடுவில் எந்தப் பக்கமும் சாய்கிற மூட்டில் ஒரு பாய்மரம், அவ்வளவுதான். சுக்கான் கிடையாது. பாயை முன்னே சாய்த்தால் பலகையின் மூக்கு காற்றைவிட்டு விலகும்; பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். 1964-ல் அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பவர் இப்படியொன்றைச் செய்தபோது, அவர் மனைவி நவோமியும் கூட இருந்து உதவினாராம். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1984-லேயே இடம் கிடைத்தது. பெண்களுக்கு 1992 வரை காத்திருப்பு. கேட்டுப் பழகிய கதைதானே!

உப்பங்கழியில் சில நாள் பழகினேன். விழுந்த பாயைக் கயிற்றால் தூக்கும்போது முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, உடம்பின் கனத்தால் இழுக்க வேண்டும். தண்ணீர்க் குடம் தூக்கவும் இதுதான் முறை. இத்தனை வருஷம் குனிந்து தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆசை விட்டதா? ஆடிக் காற்றில் கடலுக்கே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தக் கரையில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். அதனால் கரையோரம் தண்ணீர் தகடு மாதிரி கிடக்கும், ஆளை ஏமாற்றும். உள்ளே போகப் போகத்தான் அலை எழும்பும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்கு. பலகை பறந்தது. சிரித்தேன்கூட. திரும்பிப் பார்த்தால் மணல்குன்றின் மேல் இருக்கிற திருச்சிலுவைக் கோயில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிறது!

பதறியதில் விழுந்தேன். பாயைத் தூக்கினேன், அலை தள்ளிவிட்டது. மறுபடி, மறுபடி. நாலாவது தடவை முன்னங்கை இழுத்துப் பிடித்து, விரல் கயிற்றில் மடங்கவே இல்லை. அவசரத்தில் படித்த பாடம் மறந்து, கையாலேயே இழுத்திருக்கிறேன். கரை பக்கத்தில் இருக்கிற மாதிரி தோன்றியது. நீந்திவிடலாமா என்று ஒரு காலைத் தண்ணீரில் இறக்கியும்விட்டேன்.

"அக்கா, எது போனாலும் பலகையை மட்டும் விட்ராதீய" என்று பழக்கிவிட்ட தம்பி நூறு தடவை சொல்லியிருந்தான். அது காதில் கேட்டது. காலை மேலே எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்தேன். பாயை நீரிலேயே கிடக்க விட்டேன். அது நங்கூரம் போலப் பலகை ஓடுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அலை தூக்கும்போதெல்லாம் எழுந்து மண்டியிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தேன். உதவி வேண்டும் என்பதற்கு அதுதான் சைகை. தம்பி வள்ளத்தோடு வந்து சேர இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

கரையில் என் ஒன்பது வயசு மகள் அழவில்லை. பக்கத்தில் வந்து என் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். வேன் புறப்படுகிற வரைக்கும் விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே வந்து நிற்பாள்.

இப்போது அவளுக்குப் பதினைந்து. தானும் பழகப் போகிறேன் என்கிறாள். உம்மா என்னைப் பார்க்கிறார்கள். உப்பங்கழியில் மட்டும், ஆடி கழிந்த பிறகு, ஜாக்கெட் வாரை நான் இழுத்துப் பார்த்த பிறகுதான் என்று சொல்லியிருக்கிறேன்.