குளோஸ்டர் மக்களிடமும் கேளுங்கள்

வட யார்க்‌ஷயரில், செல்பிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். ட்ராக்ஸ் மின்நிலையத்தின் 12 குளிரூட்டும் கோபுரங்களும் எங்கள் தெருவிலிருந்தே தெரியும். ஒரு காலத்தில் நிலக்கரி எரிந்த உலைகளில் இப்போது கடல் கடந்து வரும் மரத்தூள் வில்லைகள் எரிகின்றன. இரண்டு உலைகளின் புகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் டன் கரியமில வாயுவைப் பிரித்து வட கடலுக்கு அடியில் புதைக்கும் திட்டத்துக்கு, 2024 ஜனவரியில் அரசு அனுமதி கொடுத்துவிட்டது.

அதற்கு முன் எங்களிடம் கருத்துக் கேட்டார்கள். லாரிப் போக்குவரத்து, இரைச்சல், வாயுவை உறிஞ்சும் அமைன் கரைசல் காற்றில் எவ்வளவு கலக்கும் என்றெல்லாம் கேட்டோம். அவசியமான கேள்விகள்தாம். ஆனால் அழைப்பு எங்கள் சுற்றுவட்டாரத்தோடு நின்றுவிட்டது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் குளோஸ்டர் என்றொரு சிற்றூர். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ட்ராக்ஸ் நிறுவனத்தின் வில்லை ஆலை அங்கே இருக்கிறது. காற்று மாசு வரம்பை மீறியதற்காக அந்த ஆலைக்கு 25 லட்சம் டாலர் அபராதம் விதித்தது மாநில நிர்வாகம். எங்கள் மின்சாரத்துக்காக அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்களை ஏன் யாரும் கேட்கவில்லை?

புகையைப் பிடிப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வெட்டிய மரம் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். கரியமில வாயுவின் கணக்கு காட்டில்தான் தொடங்குகிறது. கனடா மரம் பற்றிய விவரங்களை முறையாகத் தராததற்காக 2024-ல் இதே நிறுவனம் 2.5 கோடி பவுண்டு கட்ட ஒப்புக்கொண்டது. எனவே, வாயு பிடிப்புக்குப் பொதுப்பணத்தில் மானியம் முடிவாகும் முன், குளோஸ்டரிலும் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துங்கள். அங்கே சொல்லப்படுவதை எங்கள் மனுக்களோடு சேர்த்து அமைச்சரின் மேசையில் வையுங்கள்.