ராயப்பர் யார், தாத்தா?

ராயபுரம் ஸ்டேஷன் பலகையைப் பார்த்துப் பேரன் கேட்டான்: "இங்க எந்த ராஜா இருந்தாரு தாத்தா?"

ராஜா இல்லைடா, ராயப்பர் பேரில் வந்த ஊர் என்றேன். அது யார் என்றான். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிற பையன்! பேதுரு என்றதும்தான் புரிந்தது.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கத்தோலிக்கருக்கும் மற்ற சபையாருக்கும் பொதுவாக 1995இல் திருவிவிலியம் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் ராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார், அருளப்பர் யோவானானார்.

பழைய பெயர்கள் சும்மா வைத்தவை அல்ல. பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் கடவுள் அருள்கூர்ந்தார், ஆகவே அருளப்பர். ராயப்பரில் இருப்பது தெலுங்கில் கல்லைக் குறிக்கும் 'ராயி' என்பார்கள். சீமோன் என்ற மீனவருக்கு இயேசு வைத்த பெயரும் பாறைதான். அரமேயத்தில் கேபா. அருளப்பர் தம் நற்செய்தியில் அதற்குக் கிரேக்க மொழிபெயர்ப்பையும் சேர்த்தே தருகிறார்; அதுதான் பேதுரு. அவர் கிரேக்கத்தில் செய்ததை நம்மவர்கள் தமிழில் செய்தார்கள், அவ்வளவுதானே?

அந்தப் பாறைமேல்தான் திருச்சபை. பாப்பரசர் (இப்போது இவரும் திருத்தந்தை ஆகிவிட்டார்), ஆயர், பங்குக் குரு என்ற வரிசையெல்லாம் அங்கிருந்துதான். 2025 மே மாதம் 14ஆம் லியோ தேர்வானபோது டிவியில் பேதுருவின் வாரிசு என்றார்கள். என் பாட்டி இருந்திருந்தால் யார் வாரிசு என்று கேட்டிருப்பாள்.

வாசகத்தில் பேதுருவே இருக்கட்டும். மறைக்கல்வி வகுப்பில் ஒருநாள் ராயப்பரையும் சொல்லித் தரலாம், ராயபுரத்துப் பிள்ளைகளுக்காவது.