அரை விநாடி வேலை, ஆயுள் முழுக்கப் பொறுப்பு

- இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



"ஸ்டட் வெல்டிங்கா? அதுல என்னடா இருக்கு? கன்னை வெச்சு அமுக்கினா ஒட்டிக்கும்!" விடுதியில் நம்மில் பலர் இப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். படத்தை வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அதோடு மறந்துவிடுகிறோம். இந்த அலட்சியம் கூடாது என்பது என் கருத்து. ஒவ்வொரு டிப்ளமோ மாணவரும் கல்லூரியை விட்டுப் போகுமுன் தன் கையால் சில ஸ்டட்டுகளைப் பற்றவைத்து, அதே கையால் அவற்றை அடித்து வளைத்துப் பார்த்திருக்க வேண்டும். இதைத்தான் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். இரும்புத் தகட்டின் மேல் ஒரு போல்ட்டையோ, தலை வைத்த கம்பியையோ செங்குத்தாக நிறுத்த வேண்டும். துளை போட்டு நட்டு முடுக்கலாம். அதற்குத் தகட்டின் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ராடு வைத்துச் சுற்றிலும் வெல்டு வைக்கலாம். அதற்கு நேரம் பிடிக்கும். ஸ்டட் வெல்டிங்கில் துளையும் வேண்டாம், ராடும் வேண்டாம். ஸ்டட்டின் அடிமுனை முழுவதும் ஒரே நேரத்தில் உருகித் தகட்டோடு கலந்துவிடும். அமெரிக்காவில் மேர் தீவுக் கடற்படைக் கப்பல் தளத்தில் வேலை பார்த்த டெட் நெல்சன் என்பவர்தான் இதற்கான கன்னை உருவாக்கிப் பரவலாக்கியவர். கப்பலின் இரும்புத் தளத்தில் மரப்பலகைகளைப் பொருத்துவதற்காக அவர் செய்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் வேலையையே வேகப்படுத்தியது. பெரிய கண்டுபிடிப்புகள் ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறப்பதில்லை, பட்டறையிலும் பிறக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இதற்கான சாதனங்கள் அதிகமில்லை. நேர்மின்சாரம் தரும் பவர் சோர்ஸ், நேரத்தையும் கரண்டையும் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், கன், தடித்த கேபிள், எர்த் கிளாம்ப், ஸ்டட், ஃபெர்ரூல் என்னும் பீங்கான் வளையம். கன்னுக்குள் முக்கியமானவை மூன்று: ஸ்டட்டைப் பிடிக்கும் சக், அதை மேலே தூக்கும் சொலினாய்டு, கீழே தள்ளும் ஸ்பிரிங்.

கன்னைத் தகட்டில் அழுத்தி டிரிகரை இழுத்ததும் முதலில் சிறிய அளவு மின்சாரம் பாய்கிறது. அப்போதே சொலினாய்டு ஸ்டட்டைச் சில மில்லிமீட்டர் தூக்குகிறது. இடைவெளியில் சிறு மின்வில் பிறக்கிறது. உடனே முழு மின்சாரமும் பாய்ந்து ஸ்டட் முனையையும் தகட்டையும் உருக்குகிறது. குறித்த நேரம் முடிந்ததும் சொலினாய்டு பிடியை விட, ஸ்பிரிங் ஸ்டட்டை உருகிய குழம்பில் அமுக்குகிறது. பீங்கான் வளையம் வெப்பத்தைச் சிதறவிடாமல், உருகிய இரும்பை வழியவிடாமல் காத்து அதற்குக் கழுத்துப்பட்டை போல் உருவம் கொடுக்கிறது. ஆறியதும் வளையத்தைத் தட்டி உடைத்துவிட வேண்டியதுதான்.

கணக்கைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். 16 மி.மீ.க்கு மேற்பட்ட ஸ்டட்டுக்கு விட்டத்தை 90 ஆல் பெருக்கினால் தோராயமான ஆம்பியர் கிடைக்கும், 16 மி.மீ. வரை 80 ஆல் பெருக்க வேண்டும். 12 மி.மீ.க்கு மேல் விட்டத்தை 0.04 ஆல் பெருக்கினால் விநாடி. அதற்குக் கீழே 0.02. ஆக, பாலங்களில் போடும் 19 மி.மீ. ஸ்டட்டுக்கு ஏறத்தாழ 1,700 ஆம்பியர், முக்கால் விநாடி! நம் பட்டறையில் பத்து கேஜ் ராடுக்கு நாம் வைக்கும் கரண்டைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். தகடும் ஸ்டட் விட்டத்தில் கால் பங்காவது தடிமன் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டை விழுந்துவிடும்.

மெல்லிய தகடுகளுக்குத் தனி முறை இருக்கிறது. கெபாசிட்டரில் சேமித்த மின்சாரத்தை ஒரே வீச்சில், ஒன்று முதல் மூன்று மில்லி விநாடிக்குள் விடுவது. பின்பக்கத்தில் தடம்கூடத் தெரியாது. மின்பலகைப் பெட்டிகளில் எர்த் ஸ்டட் வைக்க இது உதவும். ஆனால் சுவிட்சை அணைத்த பின்னும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். தெரியாமல் மூடியைத் திறப்பது ஆபத்து.

சரி, எல்லாம் மெஷினே செய்கிறது, நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. மெஷின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். தகட்டில் பெயின்ட் இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று அது பார்க்காது. வளையம் மழையில் நனைந்திருந்தால் ஈரம் ஆவியாகி வெல்டில் துளைகள் விழும். மெஷினுக்கு அது தெரியாது. எர்த் கிளாம்பை ஒரே பக்கம் மாட்டினால் காந்தப் புலத்தால் மின்வில் ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு பக்கமும் சமமாக மாட்ட வேண்டும் என்று மெஷின் சொல்லாது. கன்னைச் சாய்த்துப் பிடித்தாலும் அப்படியே சுட்டுவிடும். கேபிளைத் தேவையில்லாமல் நீளமாகப் போட்டால் கரண்ட் குறையும்.

இதைப் புத்தகத்தில் படித்ததைவிட, சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போனபோதுதான் நன்றாகப் புரிந்துகொண்டேன். அங்கே கன் பிடிக்கும் அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றவர். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் இரண்டு ஸ்டட் வைப்பார். ஆறியதும் ஒரு பைப்பைச் சொருகி இழுத்து வளைப்பார். "ஏண்ணே, நல்லா ஒட்டினதைப் போய் வளைக்கிறீங்க?" என்று கேட்டேன். "ஒட்டியிருக்கான்னு பாக்குறவன் தம்பி, ஒட்டியிருக்குன்னு நம்புறவன் இல்ல" என்றார். பிறகுதான் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதியும் அதையே சொல்கிறது: ஒவ்வொரு நாள் வேலைத் தொடக்கத்திலும் முதல் இரண்டு ஸ்டட்டுகளை 30 டிகிரி வளைத்துப் பார்க்க வேண்டும், வெல்டில் விரிசல் வரக்கூடாது. கழுத்துப்பட்டை முழு வட்டமாக வராத ஸ்டட்டை, குறை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக 15 டிகிரி வளைத்துச் சோதிக்கலாம். தேறினால் கான்கிரீட்டுக்குள் போகும் ஸ்டட்டை வளைந்தபடியே விட்டுவிடலாம், நிமிர்த்த வேண்டியதில்லை.

அந்த அண்ணன் எனக்குக் கற்றுத்தந்த இன்னொன்று, கழுத்துப்பட்டையைப் படிப்பது. சுற்றிலும் ஒரே சீராக இருந்தால் நல்லது. பட்டை சரியாக வராமல் ஸ்டட் உயரமாக நின்றால் சூடு போதவில்லை. தீப்பொறி அதிகம் தெறித்து, அடியில் அரிப்பு விழுந்து, ஸ்டட் குட்டையாகிவிட்டால் சூடு அதிகம். ஒரு பக்கம் மட்டும் பட்டை இருந்தால் கன் சாய்ந்திருக்கிறது, அல்லது மின்வில் சாய்ந்திருக்கிறது. 19 மி.மீ. ஸ்டட் வெல்டானதும் சுமார் 5 மி.மீ. குறைய வேண்டும். ஒரு ஸ்கேல் இருந்தால் போதும், பாதி நோய் தெரிந்துவிடும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டு பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நடுவில் மிதியுங்கள். இரண்டும் தனித்தனியாக வளையும், முனைகளில் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். ஆணி அடித்துவிட்டு மிதியுங்கள். ஒரே கட்டையாக நிற்கும். இரும்பு உத்தரத்துக்கும் அதன் மேல் போடும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவே அந்த ஆணிதான் ஸ்டட். நம் நாட்டில் இத்தகைய கட்டுமானத்துக்கென்றே ஐ.எஸ். 11384 என்ற விதிநூல் 1985 இல் வந்து, 2022 இல் திருத்தப்பட்டிருக்கிறது. காலையில் வைத்த ஸ்டட் மாலையில் கான்கிரீட்டுக்குள் மறைந்துவிடும். அதன்பின் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. பார்க்க வேண்டிய நேரம் நடுவில் இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் அங்கே நிற்கப்போகும் சூப்பர்வைசர் யார்? நாம்தான் நண்பர்களே!

என் அப்பா கான்கிரீட் போடும் கும்பலில் சட்டி தூக்குபவர். எங்கள் வீட்டில் பள்ளியைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். "நீ படிச்சு, கையில அழுக்குப் படாம வேலை பாக்கணும்" என்பது அம்மாவின் ஆசை. அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் பட்ட பாடு அப்படி. ஆனால் நம் கல்லூரியிலும் அதே எண்ணம் ஊறிக்கிடக்கிறதே! கன் பிடிப்பது ஐ.டி.ஐ. பையன் வேலை, நாம் நோட்டில் கையெழுத்துப் போட வந்தவர்கள் என்று நினைக்கிறோம். ஸ்டட்டை வளைத்துப் பார்த்திராதவன் "சரி" என்று போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? அந்தத் தளத்தின் மேலே ஏறி நிற்பது என் அப்பாவைப் போன்றவர்கள். அவர்கள் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நிற்கிறார்கள்.

பெரிய மெஷினுக்கு ஏது காசு, த்ரீ பேஸ் லைனுக்கு எங்கே போவது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. கெபாசிட்டர் வகைச் சிறிய மெஷின் வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். அதை வாங்க முயலலாம். அதுவும் முடியாவிட்டால் அருகிலுள்ள பட்டறையில் துண்டுத் தகடுகளில் ஸ்டட் வைத்து வாங்கி வரலாம். வேண்டுமென்றே சிலவற்றைக் குறைந்த கரண்டில் வைக்கச் சொல்வோம். எது நல்லது, எது கெட்டது என்று முதலில் கண்ணால் பார்த்துச் சொல்லட்டும். பிறகு சுத்தியலும் பைப்பும் தீர்ப்புச் சொல்லட்டும். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு செய்தால் ஒரு பிற்பகலில் முழு வகுப்பும் முடித்துவிடலாம்.

நம் மாணவர் சங்கம் விளையாட்டு விழாவுக்கும் கலை விழாவுக்கும் முன்னின்று உழைக்கிறது. அதே ஊக்கத்தோடு, வரும் கல்வியாண்டில் "ஆளுக்கு இரண்டு ஸ்டட்" என்ற கோரிக்கையைத் துறைத்தலைவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. நண்பர்களே, அடுத்த கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்!