பச்சை விளக்கை நம்பலாமா?

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் 1990-இல் தொடங்கப்பட்டபோது, நாகர்கோவில், தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் இத்தனை பேர் அங்கே வேலைக்கு வருவார்கள் என்று நம்மில் பலர் எண்ணியிருக்க மாட்டோம். இன்று கரமனையிலும் சாலையிலும் உள்ள நம் வீடுகள் சிலவற்றிலிருந்து பிள்ளைகள் இரவு ஷிப்டுக்குப் புறப்படுகிறார்கள். என்ன வேலை என்றால், ‘சர்வர் மானிட்டரிங்’ என்பார்கள். அதற்கு மேல் நாமும் கேட்பதில்லை.

என் அண்ணன் மகனுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் நான் கேட்கத் தொடங்கினேன். அவன் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு நாள் காலை கணக்கு மென்பொருள் ஓடவில்லை. இரவோடிரவாக சர்வரின் வட்டு நிரம்பிவிட்டிருந்தது. கவனிக்கவில்லை என்று அவனுக்கு மெமோ கொடுத்தார்கள். “சித்தப்பா, நான் கண் மூடவே இல்லை. திரையில எல்லாம் பச்சையாத்தான் இருந்தது” என்றான். அவன் சொன்னது உண்மைதான்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு சர்வரிலும் ‘ஏஜெண்ட்’ என்னும் சிறு மென்பொருளை வைக்கிறார்கள். தெருவுக்கு ஒரு கூர்க்கா மாதிரி. கண்காணிக்கும் கணிப்பொறி 161 என்னும் எண்ணுள்ள வாசல் வழியாகக் கேள்வி கேட்கும். ஏஜெண்ட் பதில் சொல்லும். அவசரமானால் ஏஜெண்ட் தானாகவே 162-ஆம் வாசலுக்குச் செய்தி அனுப்பும். 1988-இல் வெளிவந்த எஸ்.என்.எம்.பி. என்ற விதிமுறை இது. ஆனால் எந்த அளவு தாண்டினால் கூவ வேண்டும், யாரிடம் கூவ வேண்டும் என்பதை மனிதன்தான் எழுதிவைக்க வேண்டும்.

அந்த அலுவலகத்தில் வட்டுக்கு எல்லை எதுவும் குறிக்கவில்லை. அவசரச் செய்தி போக வேண்டிய முகவரியோ, முன்பே கழற்றிப் போட்ட ஒரு கணிப்பொறியினுடையது. திரை கேட்டதெல்லாம் ‘உயிரோடு இருக்கிறாயா?’ என்ற ஒரே கேள்வி. ‘இருக்கிறேன்’ என்று பதில் வந்தது. விளக்கும் பச்சையாக எரிந்தது. கூர்க்காவை நியமித்துவிட்டு விசில் கொடுக்காதவர்களை விட்டுவிட்டு, ஜன்னலோரம் விழித்திருந்தவனைத் தண்டிப்பது என்ன நியாயம்?

இன்னொரு கவனக்குறைவும் உண்டு. ஏஜெண்டிடம் பேசுவதற்கான கடவுச்சொல்லாகப் பல கருவிகளில் ‘பப்ளிக்’ என்ற சொல்லே வழக்கமாக அமைந்திருந்தது. அதை மாற்றாமல் விடுவது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம். பழைய வகைகளில் அந்தச் சொல் மறைக்கப்படாமலே கம்பியில் போகும். பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்த குறைகளை வைத்து, பல நிறுவனங்களின் கருவிகளுக்கும் 2002 பிப்ரவரியில் எச்சரிக்கை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஆளை அடையாளம் கண்டு, செய்தியையும் மறைத்து அனுப்பும் மூன்றாம் பதிப்பு முழுத் தரமாயிற்று. அப்படியிருந்தும் பழைய வழக்கத்தை விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான். ஏஜெண்டை நிறுவியதும் வேலை முடிந்தது என்று கையெழுத்திடக் கூடாது. வேண்டுமென்றே ஒரு சேவையை நிறுத்தி, எச்சரிக்கை வந்து சேர்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். சர்வர் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இரவுப் பணிப் பிள்ளைகளும் பச்சையைப் பார்ப்பதோடு நிற்காமல், ‘இந்தப் பச்சைக்கு என்ன பொருள்?’ என்று முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் துறை நமக்கு அந்நியமன்று. இன்று ஸோஹோ என்று பெயர் பெற்ற நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியதே வலைப்பின்னல் நிர்வாக மென்பொருளோடுதான். மலைக்கு அந்தப்பக்கம், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அதற்கு அலுவலகம் இருக்கிறது. கருவியை ஆக்கவே தெரிந்த நம்மவர்க்கு, அதை ஒழுங்காக அமைக்கக் கற்பது பெரிய காரியமா?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றிரவு பிள்ளை புறப்படும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, உன் வேலை என்ன என்றும் கேளுங்கள். அவன் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். வீட்டாருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவனுக்கு, மெமோ வந்தால் பதில் எழுதவும் தெரியும்.