மிதிக்கிற தரைக்கு ஒரு பெயர்

பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிடத் தொழிலுக்குப் பெயர் வைப்பது கஷ்டம் என்று போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

என் கணவர் இருபது வருஷமாகக் காரைக்குடிப் பக்கம் தரை போடும் மேஸ்திரி. ஆத்தங்குடிக் கல், மொசைக், கிரானைட், இப்போது வருகிற பெரிய பெரிய டைல்ஸ் எல்லாம் அவர் கைக்குப் பழக்கம். ஒரு கான்ட்ராக்டரிடம் கூலிக்கு இருந்தவர், எங்கள் பெரியவனும் தொழில் கற்றுக்கொண்டதும், "சொந்தமாச் செய்வோம்" என்றார். டைல்ஸ் வெட்டும் மெஷினுக்கும் மற்ற சாமான்களுக்குமாக என் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பாக்கி இருந்தது பெயர் ஒன்றுதான்.

"உன் சங்கிலிலதானே ஆரம்பிக்கிறோம், உன் பேரையே வச்சுடுவோம்" என்றார் இவர். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனாலும், "வேண்டாங்க. நாளைக்கு எங்கேயாவது ஒரு கல்லு ஆடினா, ஊரெல்லாம் என் பேரைச் சொல்லித் திட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

என் மாமியார் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். ராத்திரி முழுக்க என்ன யோசித்தாரோ, காலையில் அவரே வந்து, "வேண்டாம் ஆத்தா. சிமெண்டுச் சாக்குலயும் பெட்டியிலயும் பேரை எழுதுவீங்க. அது தரையில கிடக்கும், ஆள் மிதிப்பான். சாமி பேரு காலடியிலயா?" என்றார். மளிகைக் கடைக்குப் பொருந்துகிற பெயர் தரைத் தொழிலுக்குப் பொருந்தாது என்று அப்போதுதான் உறைத்தது.

பெரியவன், "ஆத்தங்குடின்னு வைப்போம்மா, எல்லாருக்கும் தெரியும்" என்றான். ஆத்தங்குடிக் கல் என்பது, கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டுக் கையால் செய்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதைச் செய்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். நாங்கள் வாங்கிப் பதிக்கிறவர்கள்தானே? அதோடு, எங்கள் சாலையில் நாலு போர்டுக்கு ஒன்றில் அந்தப் பெயர்தான். கல்லூரியில் படிக்கும் என் மகள், "ஊர்ப் பேரையும், செய்யற தொழிலையே சொல்ற பேரையும் டிரேட்மார்க்கா வாங்கறது கஷ்டம்மா. அது எல்லாருக்கும் பொது" என்றாள்.

இதற்கு நடுவில் இவர் அவசரப்பட்டு ஓர் இங்கிலீஷ் பெயரில் இரண்டு பில் புத்தகம் அச்சடித்து வந்துவிட்டார். மறுவாரம் பார்த்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அதே பெயரில் ஒரு கடை! அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில்தான் இன்றைக்கும் நான் பால் கணக்கு எழுதுகிறேன்.

கடைசியில் பெயர் தானாக வந்தது. ஒரு நாள் போனில் யாரோ, "ரசமட்டம் மேஸ்திரி இருக்காரா?" என்று கேட்டார்கள். குமிழி நடுவில் நிற்காமல் அடுத்த கல்லைத் தொடமாட்டார் என்பதால், கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயராம். இத்தனை வருஷமாக எனக்கே தெரியாது!

"அதுல 'மட்டம்'னு வருதேப்பா, மோசம்னு அர்த்தம் ஆயிடாதா?" என்றாள் மகள். "வேலை நல்லா இருந்தா யாரு அப்படிச் சொல்லுவா?" என்றார் இவர். 'ரசமட்டம் தரை வேலை' என்று பெரிய தமிழ் எழுத்தில் போர்டு மாட்டினோம்.

மூன்றாவது வேலையிலேயே சோதனை வந்தது. ஒரு வீட்டுக் குளியலறையில் பெரியவன் தரையை மட்டமாகவே போட்டுவிட்டான். குளியலறைக்குத் தண்ணீர் போகும் துவாரத்தைப் பார்த்து வாட்டம் வேண்டாமா? தண்ணீர் மூலையில் தேங்கி நின்றது. அந்த வீட்டு அம்மா, "பேருலயே மட்டம்னு வச்சுக்கிட்டீங்களே!" என்றார்களாம். இவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சொந்தச் செலவில் அத்தனை கல்லையும் பெயர்த்து, வாட்டம் பார்த்துப் பதித்துக் கொடுத்தார்கள். அந்த மாத வட்டிக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று. ஆனால் அதே அம்மாதான் பிறகு தன் தங்கை வீட்டு வேலையையும் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

வீட்டில் சிறுதொழில் தொடங்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான். பெயரை ஒரு தடவை போனில் சொல்லிப் பாருங்கள், எதிர்ப்பக்கம் "என்னது?" என்று கேட்டால் வேறு பெயர் தேடுங்கள். பில் புத்தகம் அடிக்கும் முன் ஊரில் விசாரியுங்கள். டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையதளத்திலும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். தரை பதிக்கும் வேலை 37-ஆம் வகுப்பில் வருகிறது, சொந்தப் பெயரில் கல் செய்து விற்பதானால் 19. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அதனால் மட்டும் பெயர் நமக்கே சொந்தமாகிவிடாது. அதற்கு டிரேட்மார்க் தனியாகப் பதிய வேண்டும். பதிந்தால் பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

என் சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. வட்டி மட்டும் ஒழுங்காகக் கட்டி வருகிறோம். போர்டைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவன் ஒரு தரம் வாட்டத்தை நினைத்துக்கொள்கிறானாம். அந்த மட்டுக்கும் பெயர் தன் வேலையைச் செய்கிறது!