சிறுநீரகத்துக்கும் நிறம் பார்த்த சூத்திரம்

அப்பா சிறுநீரக நோயாளி. அவருடைய ரத்தப் பரிசோதனை அறிக்கையில் நான் முதலில் தேடுவது ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணைத்தான். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் கிரியாட்டினின் அளவை வைத்துச் சொல்லும் எண் அது. கணக்குக்குப் பாகுபாடு தெரியாது என்று நம்பியிருந்தேன்.

ஆனால் அமெரிக்காவில் 2009இல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கியது. அவர்களுக்குத் தசை அதிகமாம்! அங்கே மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் காலம் கணக்கில் ஏற, அந்த எண் 20ஐத் தாண்டக் கூடாது. பெருக்காவிட்டால் 18 வரும் ஒருவருக்கு, பெருக்கியதும் ஏறத்தாழ 21. அவர் வரிசைக்கு வெளியே.

மருத்துவ மாணவர்களும் கேள்வி எழுப்பினார்கள். 2021இல் வந்த புதிய சூத்திரத்தில் அந்தப் பெருக்கல் இல்லை. 2023 முதல், இழந்த காத்திருப்புக் காலத்தையும் திருப்பித் தருகிறார்கள்.

பிறப்பை வைத்து உடலை அளக்கும் எதையும், அறிவியல் என்றதும் ஏற்க வேண்டியதில்லை தோழர்களே. இந்த எண்ணை எதை நம்பிப் போட்டீர்கள் என்று கேட்போம்.