கிரவல் தரை வீண் தரையா?

வன்னியிலே காணி பார்க்கச் செல்வோர் முதலிற் செய்வது, காலினால் மண்ணைக் கிளறிப் பார்ப்பதாகும். மண் மிருதுவாகப் பெயர்ந்தால் முகம் மலரும். கறகறவென்று கல் தட்டுப்பட்டால், "இது கிரவல் காணி, ஒன்றுக்கும் உதவாது" என்று திரும்பி விடுவர். அவ்வாறு ஒதுக்கப்படும் தரைக்காக இவ்வாரம் நாம் சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம்.

வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியாக மாங்குளம் நோக்கிப் போகும்போது, நிலம் மெல்லென ஏறி இறங்குவதைக் காணலாம். தாழ்ந்த இடத்திலே குளமும் வயலும். சரிவிலே செங்கபில நிற மண். மேட்டின் முதுகிலே பல இடங்களிற் பரல் கலந்த மெல்லிய மண். இச்செங்கபில நிற மண்ணே இலங்கையின் வறண்ட வலயத்தில் மிகப் பரந்து காணப்படுவது. மூர்மன், பானபொக்க என்னும் இரு மண்ணியல் அறிஞர்கள் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை மண் வகைப்பாட்டில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

மேட்டிலே இத்தனை பரல் எவ்வாறு சேர்ந்தது? அடியிலுள்ள பழம்பாறை வெயிலிலும் மழையிலும் உக்கி மண்ணாகும்போது, குவாட்சு எனப்படும் வெண்கல் மாத்திரம் உக்காமல் துண்டு துண்டாக எஞ்சுகின்றது. மாரியில் நனைந்தும் கோடையிற் காய்ந்தும் வருவதால், மண்ணிலுள்ள இரும்பு திரண்டு சிறு உருண்டைகளாக இறுகுகின்றது. மேலே கிடந்த நுண்மண் மழையோடு இறங்கி வயலுக்குப் போக, கல் மேட்டிலேயே தங்கி விடுகின்றது. வயலின் கொழுமைக்கும் மேட்டின் வறுமைக்கும் காரணம் ஒன்றே என்பதை இங்கு நோக்குக.

மண்ணியலார் 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கற்றுண்டுகளையே பரல் என்பர். அமெரிக்க நாட்டு மண் அளவையாளரின் கணக்கின்படி, கன அளவில் நூற்றுக்கு 15 பங்கு பரல் இருந்தால் அது பரல் மண். 35 பங்கைக் கடந்தால் மிகு பரல் மண். பாறையோ இறுகிய படையோ 50 சென்ரிமீற்றருக்குள் எதிர்ப்பட்டால் அது ஆழமற்ற மண். இவ்விரு குறைகளும் ஒருங்கே சேரும்போது என்ன நேரும் என்பதை மாணவ நண்பர்கள் ஒரு சிறு கணக்கினால் அறியலாம்.

ஒரு மீற்றர் ஆழமுள்ள நல்ல மண், பயிர் உறிஞ்சத்தக்க நீரில் 100 மில்லிமீற்றரைச் சேமித்து வைக்கும் என்று கொள்வோம். ஆழம் 30 சென்ரிமீற்றர் ஆனால் அது 30 மில்லிமீற்றராகும். அதிலும் பாதி கல்லாயின், எஞ்சுவது 15 மில்லிமீற்றரே. கோடையிலே நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் செலவாகுமெனின், மூன்று நாளில் முதல் முழுவதும் தீர்ந்து விடும். அத்தரையில் நெல்லையோ மிளகாயையோ நட்டு மழையை நம்பியிருப்பவர் ஏமாறுவது இதனாலேதான்.

ஆயினும் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. கல் நீரைக் குடிப்பதில்லை; ஆகவே சிறு தூறலும் கல்லிடுக்கிலுள்ள நுண்மண்ணை இருமடங்கு ஆழம் நனைக்கின்றது. மேலே பரந்த பரல், மழைத்துளியின் அடியைத் தாங்கி, வெயிலில் ஈரம் பறப்பதையும் தடுக்கின்றது. ஐப்பசியின் முதல் மழைக்கே அங்கு புல் தலைகாட்டுகின்றது. ஆவரசும் சூரையும் காரையும் துளிர்க்கின்றன. வயல் சேறாகிக் கிடக்கும் நாளிலும் மேட்டிலே மாட்டின் குளம்பு புதைவதில்லை.

இதன் அருமையை அறிய வன்னி மாட்டின் ஆண்டு வாழ்க்கையை நினைத்தல் வேண்டும். அறுவடைக்குப் பின் அதற்கு வயலிலே தாள் உண்டு. கோடையிலே குளம் வற்ற, அலைகரையிற் புல் உண்டு. ஆனால் காலபோகத்திலே வயல் அடைக்கப்பட்டு, குளமும் நிரம்பிய பின்னர் மாடு எங்கே போகும்? மேட்டுக்கும் காட்டுக்குமே போதல் வேண்டும். வேறிடமெல்லாம் கதவடைக்கும் மாதங்களிலேதான் கிரவல் தரை பசும்பாய் விரிக்கின்றது. பரல் நிறைந்த மேட்டுக்கு நம் முன்னோர் முரம்பு என்று பெயரிட்டு, அதனை ஆயர் வாழும் முல்லை நிலத்தோடு சேர்த்துப் பேசியதும் பொருத்தமே.

இன்று அத்தரைக்கு இரு பகைகள். ஒன்று, ஓய்வின்றி மேய்த்தல். புல் வேரோடு அழிந்த வெறுந்தரையில் மாரி மழை விழுந்தால், எஞ்சிய நுண்மண்ணும் கரைந்து குளத்தைத் தூர்க்கும். மற்றது, மண் அகழும் இயந்திரம். 2009இல் போர் முடிந்த பின்னர் வீதிகளும் வீடுகளும் எழக் கிரவல் வேண்டியிருந்தது. அதனை நாம் குறை கூறோம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி அனுமதி பெற்றே கிரவல் அகழ வேண்டும். ஆனால் அனுமதியின்றி இரவோடிரவாக அகழப்படும் மேட்டில், புல்லுக்குத் தாயான ஒரு சாண் மேல்மண் முதலிலேயே வாரி எறியப்படுகின்றது. ஓர் அங்குல மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் செல்லும். அதனை அள்ளி எறிய அரை மணி நேரம் போதும். பின்பு அங்கே குழியும் குழியில் தேங்கும் நீருமே மிச்சம்.

செய்யத்தக்கவை அரியனவல்ல. முதல் மழை பெய்தவுடன் மாட்டை விடாது, புல் ஒரு சாண் உயரும்வரை பொறுத்தல் நலம். தரையைப் பகுத்து, ஒரு பகுதியை மேய்க்கும்போது மறுபகுதிக்கு ஓய்வளித்தல் நலம். பட்டியை ஓரிடத்திலேயே வைத்திராது இடம் மாற்றினால் எரு எங்கும் பரவும். பொறுக்கிய கற்களைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கினால் ஓடும் நீர் நின்று மண்ணை விட்டுச் செல்லும். அகழ்ந்தே ஆக வேண்டிய இடத்தில், மேல்மண்ணை ஒருபுறம் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் குழியைச் சமப்படுத்தி அதன்மேற் பரப்புதல் வேண்டும்.

பிள்ளைகள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அடியிலே துளையிட்ட இரு தகரப் பேணிகளில், ஒன்றில் வயல்மண்ணும் மற்றதிற் கிரவல் மண்ணும் இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை நீர் ஊற்றுக. எதிலிருந்து முதலில் நீர் சொட்டுகின்றது, எது கூடுதலாகப் பிடித்து வைக்கின்றது என்று குறித்து வைக்க. கிரவல் மண்ணின் குறையும் குணமும் ஒருங்கே விளங்கும்.

நெல் தராத தரையெல்லாம் வீண் தரையென்று எண்ணுதல் தவறு. நம் வீட்டுக் காலைப் பாலில் அந்தக் கல்மேட்டின் பங்கும் உண்டு. வயலைப் போற்றுவோம், வயலுக்கு மண்ணையும் மாட்டுக்குப் புல்லையும் கொடுத்துவிட்டு ஏழையாய் நிற்கும் மேட்டையும் மறவாதிருப்போம்.